முன்னங்கால் சாட்சி

"அடிக்கிறேன் சார்," என்றாள் வாசுகி. டாக்டர் அருணகிரி கையிலிருந்த டிரில்லை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அவள் பொத்தானை அமுக்கினாள், பச்சைத் துணிக்கடியில் மைனாவின் நான்கு கால்களும் ஒருதரம் வெடுக்கென்று உதறி அடங்கின, திரையில் நான்கு கோடுகள் எழுந்து விழுந்தன, முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு, நான்கும் சுகம். மணி பதினொன்று பத்து. டிரில் மறுபடி இறங்கியது. அடுத்த அடி பதினொன்று பதினைந்துக்குத்தான், அதுவரை கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் உத்தியோகம், அந்த ஐந்து நிமிடம்தான் இந்த ஒரு மாதமாக அவளைத் தின்கிறது. கை சும்மா இருந்தால் மனசு பழைய புண்ணைத் தேடிப் போய்ச் சொறியும். நாயின் மண்டைத்தோலில் முடி கனத்தில் இரண்டு ஊசி, நான்கு கால் சதையிலும் ஒவ்வொரு ஜோடி, கம்பிகளெல்லாம் அவள் முன்னாலிருக்கும் பெட்டிக்கு வருகின்றன. மண்டையில் துளி மின்சாரம் கொடுத்தால் அது முதுகுத்தண்டு வழியாக இறங்கிக் காலுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால் கோடு எழும். வழியில் நரம்பு நசுங்கினால் கோடு படுத்துவிடும். 'மாட்டு டாக்டருக்குப் படிச்சுப்போட்டு நாய்க்குக் கரண்டு வெக்கிறா' என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்வதில் பாதி கேலி, பாதி பெருமை. பொய்யில்லை, கரண்டுதான் வைக்கிறாள். மைனா சாதாரண நாட்டு நாய், செவலை நிறம், கணபதி ஏரியாவில் தையல் கடை வைத்திருக்கும் கற்பகத்தின் மிஷினுக்கடியில் படுத்துக் கிடக்கும், தெருவுக்கு வந்தபோது பால் வேன் இடித்து முதுகெலும்பு விரிசல் விட்டுவிட்டது. கொண்டுவந்தபோது பின்னங்காலைக் கிள்ளினால் திரும்பிப் பார்த்தது, கொஞ்சம் உதைக்கவும் உதைத்தது. அந்தக் கொஞ்சத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை கம்பியும். வெளியே பெஞ்சில் கற்பகம் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே உட்கார்ந்திருக்கிறாள், எடுக்க மறந்து வந்துவிட்டாள்போல.

இடது கைப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மெர்லின். மயக்க மருந்து அவள் பொறுப்பு. நாயின் மூச்சுக்கு ஏற்ப உப்பி வற்றும் கறுப்புப் பையின் மேல் ஒரு கை, குறிப்பெழுத ஒரு கை. இன்று காலை வந்ததும் வராததுமாக டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினாள், "இந்தா பிள்ளே, மரச்சீனி, தேங்காய் துருவிப் போட்டுருக்கு, சூடாறதுக்குள்ள தின்னு." ஒன்றுமே நடக்காத மாதிரி. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது, திறந்த வாயில் கிழங்கு போய்விட்டது. தின்றாள். அதுதான் வயிற்றெரிச்சல், தின்றது மட்டுமில்லை, ருசியாகவும் இருந்தது. நாமக்கல் ஹாஸ்டலில் ஐந்து வருஷம் ஒரே அறை, முட்டைகூடத் தொடாத வீட்டுப் பெண்ணான வாசுகிக்கு முதன்முதலில் மீன்குழம்பு ஊட்டியதே இந்தக் கைதான், முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து, 'ஒண்ணும் ஆகாது, முழுங்கு' என்று சொல்லி. அன்றைக்கு முழுங்கிய பழக்கம். நாக்குக்கு மானம் ரோஷம் கிடையாது. யார் போட்டாலும் ருசிக்கும். ஒரு மாதமாக அவளும் டப்பாவைத் திறக்கிறாள், இவளும் தின்கிறாள், நடுவில் அந்தப் பேச்சு மட்டும் கிடையாது.

அருணகிரி சாருக்கு ஆபரேஷன் நடக்கும்போது பேச்சு ஆகாது. கோயமுத்தூரில் நாய் முதுகைத் திறக்க அவரை விட்டால் ஆளில்லை, அந்த எண்ணம் அவருக்கும் உண்டு. "எனக்கு ஒரு வாய் பேசினாப் போதும், நாலு பேர் கரண்டி போட்டா ரசம் உருப்படாது," என்பார். அதனால் இந்த அறையில் ஒரு வழக்கம். அடிக்கும்போது நாய் உதறும், கத்தி இருந்தால் எங்காவது இறங்கிவிடும், ஆகவே 'அடிக்கிறேன் சார்' மட்டும் வாசுகி அவரிடம் நேரே சொல்லலாம். மற்றது எதுவானாலும் மெர்லினிடம் மெல்லச் சொல்ல வேண்டும், மெர்லின் நேரம் பார்த்து சாரிடம் சொல்வாள். கோடு படுத்தால் முதலில் கேட்க வேண்டியதும் மெர்லினைத்தானே, மயக்கம் கூடினாலும் கோடு படுக்கும். பெட்டியில் நேரம் போட்டுக் குறிப்பு தட்டி வைக்கலாம், அதையும் சார் வேண்டாமென்றார், 'என்னைக் கேக்காம எதையும் டைப் பண்ணாதே, நாளைக்கு எவனாவது வக்கீல் படிப்பான்.' மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. ஒரு கண் ஜாடை போதும் அவர்கள் இருவருக்கும். தன் வாயைக் கொண்டுபோய் இன்னொருத்தி வாய்க்குள் வைத்துவிட்டோமே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஐந்து வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளை யாராவது சந்தேகப்படுவார்களா? அவள் தூக்கத்தில் பேசுவதுகூட இவளுக்குத் தெரியும்.

பட்டாணி. அந்தப் பெயரை மனசு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும், திரும்பிப் போய் மறுபடி எட்டிப் பார்க்கும். நீள உடம்பும் குட்டைக் காலுமான ஜாதி நாய், முதுகில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது, போன மாதம் இதே மேசை. பின்னங்கால் கோடு இரண்டும் ஒரே அடியில் படுத்துவிட்டன. முன்னங்கால் கோடுகள் நின்றன, ஆனால் சற்றுக் குட்டையாக. "மெர்லி, பின்னங்கால் ரெண்டும் போச்சு, சார்ட்டச் சொல்லு." மெர்லின் குனிந்து, "இப்பத்தான் மயக்க கேஸைக் கொஞ்சம் கூட்டினேன், நாய் முழிக்கப் பாத்துது. அதுவாத்தான் இருக்கும், ரெண்டு நிமிசம் பொறுடீ." கூட்டியதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வாசுகி பொறுத்தாள். கேஸால் படுத்தால் நான்கு காலும் சேர்ந்தல்லவா படுக்கும், முன்னங்கால் சாட்சிக்கு நிற்கிறதே என்று உள்ளே ஒன்று அரித்தது, ஆனாலும் பொறுத்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி சொன்னாள், மெர்லின் தலையை ஆட்டினாள், ஆட்டிய தலை சார் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு நிமிடம். அதற்குப் பிறகு சொன்னதென்ன சொல்லாததென்ன. பட்டாணியின் பின்பாதி அன்றோடு சரி.

பிறகு சார் அறையில் மூன்று பேரும். சார் பெட்டி அச்சடித்த காகிதச் சுருளை மேசையில் விரித்து, "பத்து முப்பத்தொண்ணுக்குப் படுத்திருக்கு, முப்பத்தேழு வரைக்கும் நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டார். "மெர்லின்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன் சார்." சொல்லிவிட்டு நிம்மதியாக மெர்லின் பக்கம் திரும்பினாள், ஆமாம் சார் என்ற வார்த்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினவள் மாதிரி. மெர்லின் ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணும் கேக்கல சார். மானிட்டர் சத்தமா இருந்துது," என்றாள். குரல்கூட மாறவில்லை. 'ஏசி கூடுதலா இருக்கு' என்று சொல்கிற அதே குரல். வாசுகிக்கு உடனே கோபம் வரவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது கோபம் வருகிறது. ஒருவேளை நிஜமாகவே கேட்கவில்லையோ, நாம்தான் மனசுக்குள் சொன்னோமோ என்று இரண்டு நாள் தன்னையே சந்தேகப்பட்டாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு, அறுத்த பிறகும் தன் கழுத்தின் மேலேயே குற்றம் தேடும்படி செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் நீ வர வேண்டாம் என்று நிர்வாகத்தில் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். பட்டாணியின் சொந்தக்காரர் ரங்கசாமி, போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், தையல் பிரிக்க வந்தபோது ஒரு குற்றால டவலை நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்துப் பின்பாதியைத் தூக்கிப் பிடித்தபடி நடத்தி வந்தார். முன்கால் இரண்டும் சந்தோஷமாக ஓடப் பார்த்தன. அவர் வாசுகியிடம் நின்று, மரியாதை குறையாமல், "நீங்கதானுங்களா அம்மிணி, அந்தப் பொட்டியப் பாத்துட்டு இருந்தது?" என்று கேட்டார். ஆமாங்க என்றாள். வேறு என்ன சொல்வது. அவர் தலையை ஆட்டிவிட்டு டவலைச் சரிசெய்துகொண்டு போனார். திட்டியிருந்தால் மறந்திருக்கும்.

"அடிக்கிறேன் சார்." பதினொன்று பதினைந்து. சார் விரிசலைப் பூட்டும் மூன்றாவது ஸ்க்ரூவில் இருந்தார், திருப்புளியை விட்டுக் கையைத் தூக்கினார், மைனா உதறியது, ஆனால் உதறலில் என்னவோ குறைந்தது, ஒரு கால் துணிக்கடியில் சும்மா கிடந்த மாதிரி. திரை. வலது முன்னங்கால், நின்றது. இடது முன்னங்கால், நின்றது, அதே உயரம், ஒரு மயிரிழை குறையவில்லை. வலது பின்னங்கால் பாதிதான். இடது பின்னங்கால் வெறும் தரை. ஊசி கழன்றிருக்குமோ என்று பெட்டியைப் பார்த்தாள், கழலவில்லை, எல்லா விளக்கும் பச்சை. சார் திருப்புளியை மறுபடி பிடித்தார். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, கேஸ் இல்லை, மயக்கம் இல்லை, முன்னங்கால் இரண்டும் சத்தியம் பண்ணிச் சொல்கின்றன, ஸ்க்ரூதான் எங்கேயோ போய் முட்டுகிறது. நேரே சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அப்போதுதான் அவள் வாய், அவள் நினைத்தபடியா நினையாதபடியா என்று இப்போதுகூடத் தெரியாது, இடப்பக்கமாகச் சாய்ந்து, போன மாதம் சொன்ன அதே மெல்லிய குரலில், அதே தூரத்தில், சொன்னது. "மெர்லி, இடது பின்னங்கால் போச்சு. சார்ட்டச் சொல்லு."

மெர்லினின் கை பையின் மேல் நின்றுவிட்டது. நின்றதை வாசுகி பார்த்தாள். அப்படியென்றால் கேட்டிருக்கிறது. கேட்காத கை நிற்காது. அன்றைக்கும் இதே மாதிரி நின்றதோ, அன்றைக்குக் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தோம், முகத்தைப் பார்த்தது தப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். சொல் மெர்லி. இப்போது சொல்லிவிடு, சொன்னால் நான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், ஜன்னலைப் பார்த்ததை விட்டுவிடுகிறேன், டவலைக்கூட விட்டுவிடுகிறேன், நாளைக்கு நானே சம்பா ரவைப் புட்டு கொண்டுவருகிறேன், சொல். ஒன்பது, பத்து. சார் ஒரு திருகு திருகினார். மெர்லின் சாரின் முதுகைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தன் குறிப்பேட்டைப் பார்த்தாள், வாசுகியை மட்டும் பார்க்கவில்லை. சொல்லாதே. அப்படியே இரு. நீ சொல்லாமலிருந்தால் நான் பைத்தியமில்லை என்று எனக்காவது தெரியும், அன்றைக்கும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று என் கண்ணாலேயே பார்த்தாகிவிடும். பத்தொன்பது, இருபது. இன்னொரு திருகு. இரண்டு மனசு என்பார்களே, இரண்டும் ஒரே தொண்டையில் நின்று முட்டிக்கொண்டன, சொல் என்று ஒன்று, சொல்லாதே என்று ஒன்று, இரண்டாவதுக்குத்தான் பலம் அதிகம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நிரூபணம் ருசியாக இருந்தது. கிழங்கைவிட ருசியாக. முப்பது. அப்போது துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாதம் கண்ணில் பட்டது, இடது பின்னங்கால், அடிப்பகுதியில் வேன் இடித்த அன்றைய தார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, பிசுபிசுப்பில் ஒரு துண்டு சிவப்பு நூல், தையல் கடை நூல். கற்பகத்தின் கழுத்து டேப். அடியே, நீ என்ன பண்ணுகிறாய்? யாருடைய காலைப் பணயம் வைத்து யாரைச் சோதிக்கிறாய்? மெர்லினாவது பயந்துபோய்ச் செய்தாள், நீ தெரிந்து செய்கிறாய். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள். நாற்பது.

"சார், நிறுத்துங்க. பின்னங்கால் படுத்துருச்சு. ஸ்க்ரூதான்." நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது, எழுந்து நின்றதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவள் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. அருணகிரி கையை எடுத்தார். திரும்பவில்லை. "கேஸ் ஏதாச்சும்?" என்றார். "மாத்தலை சார்," என்றாள் மெர்லின். "முன்னங்கால் ரெண்டும் அப்படியே நிக்குதுங்க சார்," என்றாள் வாசுகி. அவர் திருப்புளியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஸ்க்ரூ வெளியே வந்து தட்டில் விழுந்தது. "சூடா சலைன் கொண்டா," என்றார் தட்டருகே நின்ற உதவிப் பையனிடம். "பிரஷர் ஏத்து மெர்லின்." அடித்தாள். தரை. வாசுகி சாமி கும்பிடுகிறவளில்லை, ஆனால் பெட்டியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் கழித்து அடித்தாள், தரை. ரங்கசாமி டவலைச் சரிசெய்துகொண்டு கண்ணுக்குள் நடந்தார். நாற்பது நொடியில் எத்தனை திருகு, நான்கா, ஐந்தா. கடைசித் திருகுதான் கெடுத்தது என்றால் அந்தத் திருகு அவருடையதா, மெர்லினுடையதா, என்னுடையதா. பதினொன்று இருபத்தொன்றுக்கு அடித்தபோது இடது பின்னங்கால் கோடு ஒரு சின்ன மேடு தட்டியது, எறும்புப் புற்றளவு. இருபத்துநான்குக்கு அது வளர்ந்தது. இருபத்தெட்டுக்கு வலது முழுசாகவும் இடது முக்காலாகவும் நின்றன. "வந்துருச்சு சார்," என்றாள்.

சார் முகமூடிக்கு மேல் கண்ணைத் திருப்பினார். "படுத்து எவ்வளவு நேரம் கழிச்சுச் சொன்னே?" இந்தக் கேள்விக்கு ஒரு மாதமாக ராத்திரி பகலாக அவள் பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள், அத்தனையும் மெர்லினை நோக்கி விரல் நீட்டும் பதில்கள். "நாப்பது செகண்டுங்க சார். பாத்ததும் மெர்லின்கிட்டச் சொன்னேன், எப்பவும் மாதிரி. அப்புறம் அவ சொல்றாளான்னு பாத்துட்டே இருந்தேன். நானே சொல்லியிருக்கணும். அது என் தப்புங்க சார்." அவர் மெர்லினைப் பார்த்தார். "உனக்குக் கேட்டுச்சாம்மா?" அதே மானிட்டர்தான், அதே சத்தம், டிட் டிட் என்று இப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நாய் பிழைத்துவிட்டது, இப்போது ஆமாம் என்று சொல்லச் செலவு ஒன்றுமில்லை. "கேட்டுது சார்," என்றாள் மெர்லின். அவர் மெர்லினைப் பார்த்தார், வாசுகியைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார், அதன் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்த அரை முழ இடைவெளியைப் பார்த்தார். எலும்புக்குள் எங்கே நரம்பு ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு இது எம்மாத்திரம். அவருக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததை வாசுகி பார்த்தாள், இதோ சொல்லப்போகிறார், பட்டாணி என்ற பெயரை எடுக்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரி," என்றார் அருணகிரி. "இனிமே நேரா என்கிட்டயே சொல்லிரு. அந்த ஸ்க்ரூவை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போடறேன்." கையை நீட்டினார், ஸ்க்ரூ வந்தது, குனிந்துகொண்டார். அவ்வளவுதான். வழக்கம் மாறிவிட்டது, போன மாதக் கடிதம் கடிதமாகவே ஃபைலில் இருக்கும்.

வாசுகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரையும் கேட்காமல் பெட்டியில் குறிப்புத் திரையைத் திறந்து தட்டினாள்: 11.15, இடது பின்னங்கால் இல்லை, முன்னங்கால் மாற்றமில்லை. மயக்க மருத்துவரிடம் சொல்லப்பட்டது. நாற்பது நொடி தாமதம், தாமதித்தது வாசுகி. அறுவை மருத்துவரிடம் சொல்லப்பட்டது. எந்த வக்கீல் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். தட்டி முடித்தபோது இடப்பக்கம் துணி உரசும் சத்தம் கேட்டது. மெர்லின் சாய்ந்திருந்தாள், அவர்கள் வழக்கமாகச் சாய்கிற தூரத்துக்கு, முகமூடிக்கு மேல் கண் சிவந்து நிரம்பியிருந்தது. "வாசு," என்றாள், பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும் குரலில், "அன்னைக்கும் எனக்குக் கேட்டுது பிள்ளே. ரெண்டு தடவையும் கேட்டுது. கேஸை நான் கூட்டினது வெளிய தெரிஞ்சிரும்னு பயந்துட்டேன்."

எத்தனை நாளாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். கிடைத்தால் அழுவோம், கட்டிக்கொள்வோம், அறைவோம் என்றெல்லாம் நினைத்திருந்தாள். இப்போது கிடைத்ததைப் பார்த்தால், யாருக்கும் கேட்காத அளவுக்கு அளந்து ஊற்றப்பட்டிருந்தது. சார் நான்கடி தூரத்தில்தான் நின்றார். ரங்கசாமி எங்கோ டவலைப் பிடித்துக்கொண்டு நாயை நடத்திக்கொண்டிருப்பார்.

"எனக்குக் கேக்கலை மெர்லி," என்றாள் வாசுகி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சத்தமாச் சொல்லு."

மெர்லின் சாரின் முதுகைப் பார்த்தாள். பை ஒருதரம் உப்பி வற்றியது, இன்னொரு தரம் உப்பியது. மணி பதினொன்று முப்பத்தைந்து ஆகிவிட்டது. "அடிக்கிறேன் சார்," என்றாள் வாசுகி, அவர் கையைத் தூக்கினார், முன்னங்கால் கோடு இரண்டும் எப்போதும்போல முதலில் எழுந்தன, பின்னால் பின்னங்கால் இரண்டும். நான்கையும் பார்த்து நேரத்தைத் தட்டினாள். மெர்லின் இன்னும் வாயைத் திறக்கவில்லை.